பெரும்பாக்கத்தில் நாலு வருஷ வாடகை: பேஸ்மென்ட்டில் தொடங்கும் ஒரு விமர்சனம்

வீடு காலி செய்ய இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அதற்குள் புது ஆள் பிடிக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டதால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், புரோக்கர் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து காலிங் பெல் அடித்துவிடுகிறார். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் பார்க்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே பால்கனிக்குப் போகிறார்கள். ஒன்பதாவது மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி, காற்று ஆளைத் தூக்கும், மேகமில்லாத நாளில் கொஞ்சம் கழுத்தை நீட்டினால் தூரத்தில் கோடு மாதிரி கடலும் தெரியும். "சூப்பரா இருக்குங்க" என்கிறார்கள். கிச்சன் குழாயைத் திறந்து மூடுகிறார்கள், பாத்ரூமில் எட்டிப் பார்க்கிறார்கள், பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுகிறார்கள்.

பேஸ்மென்ட்டுக்குப் போய்ப் பார்த்தவர் இதுவரை ஒருத்தர்கூட இல்லை. குறை சொல்லவில்லை, 2021 ஆகஸ்ட்டில் நாங்களும் இதே பால்கனியில் நின்று மயங்கித்தான் அட்வான்ஸ் கொடுத்தோம். ஆனால் நாலு வருஷம் இருந்த பிறகு சொல்கிறேன், இந்த வீட்டில் என்னைச் சிரிக்க வைத்ததும் அழ வைத்ததும் பெரும்பாலும் பேஸ்மென்ட்டில் இருந்துதான் வந்தது. அதனால் இந்த விமர்சனத்தைக் கீழே இருந்தே ஆரம்பிக்கிறேன். காம்ப்ளெக்ஸ் பெயரைச் சொல்லப்போவதில்லை, பக்கத்து வீட்டு மாமி இன்னும் அங்கேதான் இருக்கப்போகிறார். சென்னையின் தெற்கே, சோழிங்கநல்லூர் சிக்னலில் இருந்து மேடவாக்கம் போகிற பெரும்பாக்கம் ரோட்டில் இருக்கிற பல காம்ப்ளெக்ஸ்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பிளாக், 192 வீடுகள். எங்களுடையது 1,150 சதுர அடி, ரெண்டு பெட்ரூம். வரும்போது 22,000 வாடகை, இப்போது 27,000. மெயின்டெனன்ஸ் சதுர அடிக்கு நாலு ரூபாய், அதாவது மாசம் 4,600.

முதலில் தண்ணீர். இங்கே எங்கள் காம்ப்ளெக்ஸுக்கு மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரிய லைன் கிடையாது. கொஞ்ச தூரத்தில் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-ல் இருந்து ஓடுகிறது, நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர். பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்றை 2024 பிப்ரவரியில் திறந்தார்கள். பேப்பரில் படித்துவிட்டு என் மாமியார், "இனிமே நல்ல தண்ணி வந்துரும்ல?" என்று கேட்டார். வந்தது, எங்கள் கேட்டுக்கு இல்லை. எங்களுக்குப் பாதி போர்வெல், பாதி லாரி. ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்கான அரசாங்கக் கணக்கு. நாலு பேர் வீடென்றால் 540 லிட்டர், 192 வீட்டுக்கும் சேர்த்தால் நாளைக்கு ஒரு லட்சம் லிட்டரைத் தாண்டும். 24,000 லிட்டர் லாரியில் நாலு லோடுக்கும் மேல். மார்ச் மாசம் வரை போர் பாதியைக் கொடுக்கும், ஏப்ரலில் இருமும், மே மாசம் படுத்துவிடும். அப்புறம் விடிகாலை நாலு மணிக்கே லாரி ரிவர்ஸ் எடுக்கிற அந்தக் கீச்சுச் சத்தம்தான் எங்களுக்கு அலாரம். வெயில் ஏற ஏற லோடு விலையும் ஏறும், ஜூன் மாசம் அசோசியேஷன் "கூடுதல் தண்ணீர்ச் செலவு" என்று தனியாக ஒரு பில் அனுப்பும். வாடகை பேசும்போது இதை யாரும் சொல்லமாட்டார்கள், நீங்களாகத்தான் கேட்க வேண்டும்.

போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள மீட்டர் எல்லாம் வேண்டாம், எங்கள் வீட்டு இட்லிப் பானையைப் பார்த்தால் போதும். அடியில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைப் படிவம். கொட்டை எடுத்த புளிச் சக்கையைப் பானைத் தண்ணீரில் போட்டுவைத்தால் படியாது என்று அம்மா சொல்லி இருக்கிறாள், கோவில்பட்டியில் அது வேலை செய்தது, இங்கே புளியே தோற்றுப்போனது. துவரம் பருப்பு அஞ்சு விசில் விட்டாலும் பல்லில் கடிபடும். கடைசியில் சமையலுக்கும் கேன் தண்ணீர் என்றாகிவிட்டது. இருபது லிட்டர் கேன் வாரத்துக்கு அஞ்சு.

இத்தனைக்கும் கீழே தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கிற ஒரு சாஃப்ட்னர் பிளான்ட் இருக்கிறது. இதைப் பற்றி நடக்காத சண்டையே கிடையாது. ஒருத்தர் கையில் தண்ணீரில் கரைந்திருக்கிற மொத்த உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டரோடு ஜெனரல் பாடி மீட்டிங்குக்கு வந்து, சாஃப்ட்னருக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே அளவுதான் காட்டுகிறது, பிளான்ட்டே ஏமாற்று வேலை என்று முக்கால் மணி நேரம் பேசினார். கை தட்டல் வேறு. விஷயம் என்னவென்றால் சாஃப்ட்னர் உப்பை எடுக்காது, மாற்றும். தண்ணீரில் இருக்கிற கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் உள்ளே இருக்கிற ரெசின் மணிகள் பிடித்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தை விடும். அதனால் கடினத்தன்மை குறையும், சோப்பு நுரைக்கும், கீசருக்குள் இருக்கிற ஹீட்டர் பிழைக்கும், ஆனால் மீட்டர் காட்டுகிற மொத்த உப்பு ஏறக்குறைய அப்படியேதான் நிற்கும். ரெசின் பிடித்துப் பிடித்து நிறைந்துவிட்டால் உப்புக் கரைசலை விட்டுக் கழுவ வேண்டும், அதற்குத்தான் ஐம்பது கிலோ உப்பு மூட்டைகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆபரேட்டர் தம்பி லீவு போட்ட நாளில் இந்தக் கழுவல் நடக்காது. அன்றைக்குத் தலைக்குக் குளித்தால் சீயக்காய் போட்டாலும் முடி கயிறாக நிற்கும். அவன் ஊருக்குப் போயிருக்கிறானா இல்லையா என்பதை நான் ஒன்பதாவது மாடியில் இருந்தே என் தலைமுடியை வைத்துச் சொல்லிவிடுவேன்.

அடுத்தது கழிவுநீர் சுத்திகரிப்பு, எஸ்.டி.பி. எல்லாப் பெரிய காம்ப்ளெக்ஸிலும் உண்டு, சுத்திகரித்த தண்ணீர் திரும்ப ஃப்ளஷ் டேங்குக்கும் செடிகளுக்கும் வரும். நல்ல ஏற்பாடுதான், லாரி லோடு குறையும். ஆனால் உள்ளே வேலை செய்வது பாக்டீரியா, அதற்கு இருபத்துநாலு மணி நேரமும் காற்று வேண்டும், காற்று ஊதுகிற புளோயருக்கு கரண்ட் வேண்டும். பொது மீட்டருக்கு யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல், வீட்டு மீட்டருக்குக் கிடைக்கிற முதல் 100 யூனிட் இலவசமும் கிடையாது. பத்து வீட்டுக்கு மேல் போகாத, மூன்று மாடிக்குள் இருக்கிற, லிஃப்ட் இல்லாத சின்ன ஃப்ளாட்டுகளுக்கு மட்டும் 2023-ல் கட்டணத்தைக் குறைத்தார்கள், எங்களை மாதிரிப் பெரிய இடங்களுக்கு இல்லை. பில்லைப் பார்த்து பயந்துபோன ஒரு கமிட்டி, ராத்திரி பத்து மணிக்கு மேல் புளோயரை நிறுத்தச் சொல்லிவிட்டது. மூன்றே நாள். ஃப்ளஷ் அழுத்தினால் டீத்தண்ணீர் கலரில் வந்தது, நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். ஊதுபத்தி, ஃபினாயில், கற்பூரம், எதற்கும் மசியவில்லை. காற்று இல்லாமல் செத்துப்போன பாக்டீரியாவைத் திரும்ப வளர்க்க மூன்று வாரம் ஆனது, வெளியில் இருந்து டேங்கரில் உயிருள்ள பாக்டீரியா இருக்கிற சேறு வாங்கி ஊற்றினார்கள். மிச்சம் பிடித்த கரண்ட் காசு அந்த டேங்கர் வாடகைக்கே காணவில்லை. அந்தக் கமிட்டியில் மூன்று பேர் இன்ஜினியர்கள் என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

சரி, 2023 டிசம்பருக்கு வருகிறேன். மிக்ஜாம் புயல். மூன்றாம் தேதி ராத்திரி பிடித்த மழை நாலாம் தேதி முழுக்க நிற்கவில்லை. இந்த ஊரின் தரை எப்படி என்று தெரியாதவர்களுக்கு: பெரும்பாக்கம் ஏரி பக்கத்தில், அதைத் தாண்டினால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம். சுற்றுவட்டார ஏரிகளின் உபரித் தண்ணீர் எல்லாம் அந்தச் சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயைப் பிடித்து, கோவளம் பக்கம் கடலுக்குப் போக வேண்டும். வழி அது ஒன்றுதான், அதுவும் குறுகல். நாம் வீடு கட்டி உட்கார்ந்திருப்பது தண்ணீர் தங்கிப் போகிற திண்ணையில். காலையில் பேஸ்மென்ட்டில் கணுக்கால் தண்ணீர், பதினோரு மணிக்கு முழங்கால், சாயங்காலம் பைக்குகளின் கண்ணாடி மட்டும் வெளியே தெரிந்தது. ஜெனரேட்டர் எங்கே இருந்தது? பேஸ்மென்ட்டில். மின்சாரப் பேனல், மோட்டார்கள்? பேஸ்மென்ட்டில். தண்ணீர் சேமிக்கிற நிலத்தடித் தொட்டி, அதான் சம்ப்? அதுவும் அங்கேதான், எஸ்.டி.பி. தொட்டிக்கு அடுத்த சுவர். ரெண்டு தண்ணீரும் கலந்துவிட்டது என்று ராத்திரி வாட்ஸ்அப்பில் மெசேஜ் வந்தபோது கேன் வராத அந்த நாளில் நாங்கள் எல்லாரும் அதில்தான் சமைத்துச் சாப்பிட்டு முடித்திருந்தோம்.

நாலு நாள் கரண்ட் இல்லை. ஒன்பது மாடி, படிக்கட்டு, ரெண்டு கையிலும் பக்கெட். நூற்று அறுபத்தெட்டுப் படிகள் என்று என் மகள் எண்ணிச் சொன்னாள், அதற்கு முன் எனக்குத் தெரியாது. ஏழாவது மாடியில் தனியாக இருந்த வயதான தம்பதிக்கு யார் தண்ணீர் கொண்டுபோவது என்று யாரும் பேசி முடிவு செய்யவில்லை, மேலே ஏறுகிற ஒவ்வொருத்தரும் அவர்கள் வாசலில் ஒரு குடம் வைத்துவிட்டுப் போனார்கள், ரெண்டாம் நாள் அந்தத் தாத்தா வெளியே வந்து "போதும்மா, டிரம் நிறைஞ்சிருச்சு" என்று கும்பிட்டார். அதே கும்பலில்தான் சிலர் தங்கள் கார் முழுகியதற்கு அசோசியேஷன் நஷ்டஈடு தர வேண்டும் என்று சண்டையும் போட்டார்கள். வெள்ளம் வடிந்த பிறகு பேனலை அஞ்சடி உயர மேடைக்கு மாற்றினார்கள், ஜெனரேட்டரைத் தரைக்கு மேலே கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்தார்கள். சம்ப் மட்டும் இன்னும் அதே இடத்தில், அதே சுவருக்குப் பக்கத்தில்.

இப்போது மேலே வருவோம். பிளாக்குக்கு ரெண்டு லிஃப்ட். ஒன்று எட்டுப் பேர் போவது, இன்னொன்று ஸ்ட்ரெச்சர் போகிற அளவுக்குப் பெரியது. காலை ஏழே கால் முதல் எட்டரை வரை ஸ்கூல் பிள்ளைகள், ஆபீஸ் போகிறவர்கள், பால் பாக்கெட் எடுக்க நைட்டியோடு இறங்குகிற என்னைப் போன்றவர்கள் எல்லாரும் அதற்காக நிற்போம், கீழே இருந்து வருவதற்குள் ஒரு காபி ஆறிவிடும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பெரிய லிஃப்ட் பக்கத்தில் ஒரு போர்டு மாட்டியிருக்கிறது: "வீட்டு வேலை செய்பவர்கள் மற்றும் டெலிவரி ஊழியர்கள் இந்த லிஃப்டை மட்டும் பயன்படுத்தவும்." லேமினேட் செய்து நாலு மூலையிலும் ஸ்க்ரூ அடித்திருக்கிறார்கள், அவ்வளவு அக்கறை. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா இதே ரோட்டில் வாரியக் குடியிருப்பில் இருக்கிறார். சென்னையில் ஆற்றங்கரைகளில் இருந்தும் மற்ற இடங்களில் இருந்தும் எடுத்துக்கொண்டு வந்து குடிவைத்த குடும்பங்கள், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அங்கே. அவருக்கும் உயரமான மாடிதான். அங்கே லிஃப்ட் ரிப்பேரானால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால் சிரிப்பார். வெள்ளத்து நாலாம் நாள் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, எங்கள் நூற்று அறுபத்தெட்டுப் படியும் ஏறி, "பாப்பா எப்டிக்கீது?" என்று கேட்டுவிட்டுத்தான் மூச்சு வாங்கினார். அந்தப் போர்டை எடுக்கச் சொல்லி ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டு கிடையாது என்று பதில் வந்தது. இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் நட்சத்திரம் எதுவும் தரமாட்டேன்.

நீச்சல் குளம், ஜிம், கிளப் ஹவுஸ், பேட்மின்டன் கோர்ட் எல்லாம் உண்டு. குளம் நாலு கோடையில் ரெண்டு கோடை திறந்திருந்தது, மற்ற ரெண்டில் தண்ணீர் இல்லை என்று தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். ஜிம்மில் ஒரு ட்ரெட்மில் ஓடும். கிளப் ஹவுஸ் வாடகை கட்டினால் பிறந்த நாளுக்குக் கிடைக்கும். பேட்மின்டன் கோர்ட் புக்கிங் பற்றி எழுதினால் பழைய நண்பர்கள் சிலரை இழக்க நேரிடும், விடுங்கள்.

பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்று ஒரு விதி உண்டு. கட்டடத்தின் அழகு கெடுகிறதாம். இவ்வளவு காற்றும் வெயிலும் அள்ளித் தருகிற ஒரு கிழக்குப் பால்கனியை வைத்துக்கொண்டு ஹாலில் ஸ்டாண்டு போட்டு ஃபேனுக்கு அடியில் ஜட்டி உலர்த்துகிற ஊர் இது ஒன்றாகத்தான் இருக்கும். நான் கம்பிக்குக் கீழே, வெளியே தெரியாத உயரத்தில் ஒரு கொடி கட்டி நாலு வருஷம் ஓட்டிவிட்டேன். புதுசாக வருகிறவர்களுக்கு அந்தக் கொக்கிகளை அப்படியே விட்டுவிட்டுத்தான் போகிறேன்.

கேட்டுக்கு வெளியே போனால்தான் எனக்கு இந்த இடம் பிடிக்க ஆரம்பிக்கிறது. நேர் எதிரே ஒரு அண்ணாச்சி கடை. பத்துக்கு இருபது அடிதான் இருக்கும். உள்ளே போனால் ஒருத்தர் வெளியே வந்தால்தான் அடுத்தவர் திரும்ப முடியும். முதல் நாள் சாமான் வாங்கப் போனபோது மெதுவாக என்பதற்கு எங்கள் ஊர்ப் பேச்சில் நான் "கொஞ்சம் பைய எடுங்க" என்று சொன்னதை வைத்தே, "தாயி எந்த ஊரு, கோவில்பட்டிப் பக்கமா?" என்று கேட்டுவிட்டார். அவருக்குச் சாத்தான்குளம் பக்கம். அதற்கப்புறம் எனக்குத் தனி ராஜமரியாதை. ஊரில் இருந்து வருகிற கருப்பட்டியில் எது கலப்பு, எது அசல் என்று உடைத்து நாக்கில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பார். கடலை மிட்டாய் மட்டும் நான் அவரிடம் வாங்குவதில்லை. 2020-ல் எங்கள் ஊர் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதை அவருக்கு நினைவுபடுத்திக்கொண்டே இருப்பேன், அவரும் "மிட்டாய் தின்னா வயிறு நெறையுமா தாயி" என்பார்.

பத்து நிமிஷ டெலிவரி ஆப்கள் வந்த பிறகு கடை படுத்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் மாறித்தான் பார்த்தேன். அரிசி, பருப்பு, எண்ணெய், பாக்கெட்டில் வருகிற எதுவும் ஆப்பில் பரவாயில்லை, சில நாள் விலைகூடக் குறைவு. ஆனால் ஹேண்ட்லிங், டெலிவரி, மழைக் கட்டணம் என்று கடைசித் திரையில் சேர்ந்துவிடும், நூறு ரூபாய் சாமானுக்கு அதைக் கணக்குப் பார்த்தால் கண்ணைக் கட்டும். கீரை வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் பைக்குள் வேர்த்து வரும். கொசுறுக்குக் கறிவேப்பிலை, கொத்தமல்லி எந்த ஆப்பும் தராது. அண்ணாச்சி சும்மா இருக்கவில்லை. வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார், ஒரு பையனைப் போட்டார், நூறு ரூபாய்க்கு மேல் என்றால் வீட்டு வாசலுக்கே வந்துவிடும், டெலிவரி காசு கிடையாது. காலை அஞ்சரைக்கு ஆவின் பால் இறங்கும்போதே கடை திறந்துவிடும், ராத்திரி பதினொன்று வரை. வெள்ளத்தின்போது பால் பாக்கெட்டைக் கண்ணில் காட்டாமல் இரட்டை விலைக்கு விற்றவர்களை இந்த ஏரியாவில் பார்த்தோம், அவர் எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை, "கைப்புள்ள வச்சிருக்கவங்க முன்னாடி வாங்க" என்று வரிசையைப் பிரித்துவிட்டார். குறை என்று பார்த்தால் வாழைப்பழம். எப்போது போனாலும் "நாளைக்குப் பழுத்துரும் தாயி" என்று காயைத் தலையில் கட்டிவிடுவார். அந்த நாளை வந்ததே இல்லை.

இன்னொருவர் அயர்ன்காரர். கேட்டுக்கு இடது பக்கம், வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி. முன்பு பேஸ்மென்ட் மூலையில் இடம் கொடுத்திருந்தார்கள், அப்புறம் யாரோ கரி நெருப்பு ஆபத்து என்று கிளப்பிவிட வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர் கரிப்பெட்டியை விட்டு கேஸ் பெட்டிக்கு மாறிப் பல மாசம் ஆகிவிட்டது என்பதை யாரும் கவனிக்கவில்லை. ஒரு விதத்தில் நல்லதுதான், வெளியே போனதால் அந்த வெள்ளத்தில் அவர் வண்டி தப்பியது, முன்னாடியே மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். சட்டைக்குப் பத்து ரூபாய், காட்டன் புடவைக்கு நாற்பது. அந்த நாற்பது ரூபாய்க்கு அவர் வேலையைப் பார்க்க வேண்டும். கஞ்சி போட்ட புடவையை உதறி, ஒரு உள்ளங்கைத் தண்ணீரை விசிறி, உருட்டி பத்து நிமிஷம் அப்படியே வைத்துவிடுவார், ஈரம் எல்லா இடத்துக்கும் ஊறட்டும் என்று. அப்புறம் முந்தானையில் இருந்து தொடங்கி, பெட்டியை இழுக்காமல் ஒத்தி ஒத்திக் கொண்டுவருவார், பார்டரில் மட்டும் ஒரு பழைய வேட்டித் துணியை மேலே போட்டுத் தேய்ப்பார். மடிப்பைப் பிரித்தால் காகிதம் மாதிரி சத்தம் வரும். டெலிவரி சொன்ன நாளில் வராது என்பது அவருடைய ஒரே குறை. "நாளைக்குக் கட்டணும்ணே" என்று சொன்னால் இன்றைக்கே கிடைக்கும், சும்மா கொடுத்தால் மூன்று நாள். எல்லாப் புடவையையும் நாளைக்குத்தான் கட்டப்போகிறேன் என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

கேட்டில் ஒரு ஆப் வைத்திருக்கிறார்கள், யார் வந்தாலும் நம் போனில் கேட்டு அனுமதி வாங்கும். நல்ல வசதி, ஊரில் இருந்து வந்த என் அப்பாவைத் தவிர. நான் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன், அவர் ரெண்டு முறுக்கு டப்பாவோடு செக்யூரிட்டி நாற்காலியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேனுக்கும் பாதி டப்பா போயிருந்தது. அப்பா அதை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை, கிளம்பும் வரை தினமும் சாயங்காலம் கீழே போய் அந்த வாட்ச்மேனிடம்தான் பேசிக்கொண்டிருந்தார்.

போக்குவரத்து. என் கணவருக்கு ஆபீஸ் சோழிங்கநல்லூர் எல்காட் ஐ.டி. பூங்காவில் இருந்தவரை பிரச்னை இல்லை, வண்டியில் பத்து நிமிஷம். மெட்ரோ ரெண்டாம் கட்ட வேலை தொடங்கியதில் இருந்து அந்தப் பத்து நிமிஷம் முப்பதாகிவிட்டது. மாதவரத்தில் இருந்து சோழிங்கநல்லூர் வரை வருகிற அஞ்சாம் வழித்தடம் எங்கள் ரோட்டின் நடுவில்தான் தூண் தூணாக நிற்கிறது, மாதவரத்தில் இருந்து சிப்காட் போகிற மூன்றாம் வழித்தடம் ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் ரோட்டில். ரெண்டும் சேர்கிற சோழிங்கநல்லூர் சிக்னலைச் சாயங்காலம் ஆறரைக்குத் தாண்டுவது ஒரு பிரார்த்தனை. தூசிக்காக பால்கனிக் கதவை மூடியே வைத்திருக்கிறோம், எந்தப் பால்கனியைப் பார்த்து மயங்கினோமோ அதை. பஸ் வேண்டுமென்றால் சிக்னல் வரை ஷேர் ஆட்டோவில் போய் 102, 19, 570 பிடிக்கலாம். வெள்ளை போர்டு போட்ட சாதாரணக் கட்டண பஸ் வந்தால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, எங்கள் வீட்டு அக்கா அதற்காகவே பின்னால் வருகிற ரெண்டு டீலக்ஸை விட்டுவிட்டு நிற்பார். மெட்ரோ ஓட ஆரம்பித்தால் இந்த இடத்தின் முகமே மாறிவிடும், வாடகையும்தான். நாங்கள் அதற்குள் கிளம்புகிறோம். கணவரின் ஆபீஸை கிண்டிக்கு மாற்றிவிட்டார்கள், மடிப்பாக்கத்தில் வீடு பார்த்திருக்கிறோம். மூன்றே மாடி, பன்னிரண்டு வீடு, பேஸ்மென்ட் கிடையாது. வீட்டுக்காரம்மா ஹாலைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே நான் கீழே போய் சம்ப் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே வந்தேன். அந்தம்மா கொஞ்சம் பயந்துவிட்டார்.

மார்க் போடச் சொன்னால் வீட்டுக்கு மூன்று, தண்ணீருக்கு ஒன்று, அண்ணாச்சிக்கும் அயர்ன்காரருக்கும் அஞ்சுக்கு அஞ்சு. வாழைப்பழத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வீடு பதினஞ்சாம் தேதி காலியாகிறது. பார்க்க வருகிறவர்கள் ஞாயிறு சாயங்காலம் புரோக்கரோடு வராதீர்கள், அந்த நேரத்தில் இந்த வீடு நன்றாகத்தான் இருக்கும். திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு வாருங்கள், லிஃப்டுக்கு நின்று பாருங்கள். முடியாதென்றால் படிக்கட்டு லிஃப்டுக்கு வலது பக்கம், நூற்று அறுபத்தெட்டுதான். மேலே வந்ததும் தண்ணீர் கேளுங்கள், கேன் தண்ணீர் தருகிறேன். குழாய்த் தண்ணீரையும் பக்கத்தில் ஒரு டம்ளரில் வைக்கிறேன், ரெண்டையும் குடித்துப் பாருங்கள்.